புதுசாகக் கட்டிய ரோட்டரி இன்ஜினில் கம்ப்ரஷன் எங்கே போனது?

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், ஆறு எண்களை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு காரேஜ் தரையில் உட்கார்ந்திருந்தேன். 540, 555, 545. அதற்குக் கீழே 560, 390, 550. எல்லாம் கிலோபாஸ்கலில். ஏழு மாத வார இறுதிகளைத் தின்ற இன்ஜின் அது. கழற்றி, கழுவி, அளந்து, புது சீல்கள் போட்டு, நானே மூடியது. மஸ்டா ஆர்.எக்ஸ்-8 கையேடு எதிர்பார்ப்பது 830. குறைந்தபட்சம் 680 இருக்கணும், அதுக்கும் கீழே போனால் இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தேய்வதற்கு என் இன்ஜின் இன்னும் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை.

இந்தக் குறிப்பு அந்த ஆறு எண்களைப் பற்றியது. ரோட்டரி இன்ஜினைத் திரும்பக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு முறையாவது இந்த இடத்தில் வந்து உட்காருவார்கள். திரும்பக் கழற்றுவதா, வேண்டாமா என்பதுதான் அப்போது கேள்வி. கழற்றினால் ரப்பர் சீல் செட் எல்லாம் மறுபடி காசு, இன்னும் இரண்டு மாதம் போகும். கழற்றாமல் விட்டால், தப்பு உள்ளேயே இருக்கலாம். அந்த எண்களைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் இந்த முடிவு கொஞ்சம் சுலபமாகிறது. எனக்கு அப்போது வாசிக்கத் தெரியவில்லை.

ரோட்டரி தெரியாதவர்களுக்காக இரண்டு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். ரோட்டரியில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு நீள்வட்ட ஹவுசிங்குக்குள், பக்கங்கள் கொஞ்சம் உப்பிய ஒரு முக்கோணம் சுழலும். அதுதான் ரோட்டர். அதன் மூன்று முனைகளும் எப்போதும் ஹவுசிங் சுவரைத் தொட்டபடியே போகும். ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று அறைகள். ஒவ்வொரு அறையும் சுற்றி வரும்போதே பெருத்துச் சுருங்கும்: உறிஞ்சும், அழுத்தும், எரிக்கும், வெளியே தள்ளும். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நடுவில் இருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். என் இன்ஜின் 13பி வகை. ஓர் அறைக்கு 654 சிசி, இரண்டு ரோட்டர், எனவே கணக்கில் 1308 சிசி.

காற்று கசியாமல் இருக்க ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று வகை சீல்கள். முனைக்கு ஒன்றாக மூன்று ஏபெக்ஸ் சீல். இருபுறத் தட்டையான பக்கங்களில், புறத்துக்கு மூன்றாக ஆறு சைடு சீல், மெல்லிசாக வளைந்த கீற்று மாதிரி இருக்கும். இவை இரண்டும் சந்திக்கும் மூலைகளில் சின்னப் பொத்தான் மாதிரி ஆறு கார்னர் சீல். எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்பிரிங். ஆக ஒரு ரோட்டருக்குப் பதினைந்து சீல், இன்ஜினுக்கு முப்பது. பிஸ்டனில் ஒரு ரிங் கசிந்தால் அடுத்த ரிங் கொஞ்சம் தாங்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் நிற்பது ஒரே ஓர் ஏபெக்ஸ் சீல், அதுவும் ஒரு கோட்டளவில்தான் சுவரைத் தொடும். போதாக்குறைக்கு, சுவரோடு அது நிற்கும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். 13பி-யின் அளவுகளை (ஆரம் 105 மில்லிமீட்டர், மையவிலகல் 15 மில்லிமீட்டர்) வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் 25 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சாய்கிறது.

ரோட்டரியின் சரித்திரமே இந்த அடைப்புப் பிரச்சினையின் சரித்திரம்தான். இதைக் கண்டுபிடித்த ஃபெலிக்ஸ் வாங்கல் அடிப்படையில் சீல் ஆராய்ச்சிக்காரர். (வாழ்நாள் முழுக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் என்பது உபரித் தகவல்.) ஜெர்மனியின் என்.எஸ்.யூ. கம்பெனி 1967-இல் கொண்டுவந்த ஆர்.ஓ.80 காரில் ஏபெக்ஸ் சீல்கள் சீக்கிரமே தேய்ந்து, கம்பெனி இலவசமாக இன்ஜின் மாற்றிக் கொடுத்தே நொடிந்தது. 1969-இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய்விட்டது. ஜப்பானில் மஸ்டாவில் கெனிச்சி யமமோட்டோவின் குழுவுக்கு வந்த தலைவலி வேறு மாதிரி. சீல் அதிர்ந்து அதிர்ந்து ஹவுசிங் சுவரில் வரிவரியாகத் தழும்பு போட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. கார்பனில் அலுமினியம் ஊட்டிய சீல் செய்து அதைத் தாண்டி, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிகளே திண்டாடிய இடத்தில், மெல்போர்னில் ஒரு வாடகை வீட்டு காரேஜில் நான் திண்டாடியது ஆச்சரியமில்லை என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சரி, எண்களுக்கு வருவோம்.

முதல் பாடம்: பிஸ்டன் இன்ஜினுக்கான கம்ப்ரஷன் கேஜை அப்படியே ரோட்டரியில் வைத்தால் அது பொய் சொல்லும். அதில் ஒரு சின்ன வால்வு இருக்கும். வந்ததிலேயே அதிகமான அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கும். பிஸ்டனுக்கு அது சரி, ஒரு சிலிண்டரில் ஓர் அறைதான். ரோட்டரியில் ஒரே ப்ளக் துளைக்கு முன்னால் மூன்று அறைகள் மாறி மாறி வரும். இரண்டு நன்றாக இருந்து ஒன்று செத்துப் போயிருந்தாலும் கேஜ் நல்லதை மட்டும் காட்டி நிற்கும். ரோட்டரிக்கென்றே உள்ள மின்னணுக் கருவி மூன்றையும் தனித்தனியாகக் காட்டி, சுழல் வேகத்தையும் சொல்லும். அது என்னிடம் இல்லை. சாதாரண கேஜின் வால்வைக் கழற்றிவிட்டு, முள் குதிப்பதை ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். குதித்து விழும் முள்ளின் உச்சியை ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்து எழுதியவைதான் அந்த ஆறு எண்கள். துல்லியம் சுமார்தான். ஆனால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும், எனக்கு அது போதும்.

எண்களைப் பார்த்த உடனே ஸ்பேனரைத் தேடினேன். தடுத்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக இங்கே மெக்கானிக், இப்போது ஓய்வு. தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, திரும்பக் கழட்டப் போறீரோ?"

"கம்ப்ரஷன் இல்லை அண்ணை. பாருங்க, எல்லாமே ஐநூத்திச் சொச்சம்."

"எத்தினை ஆர்.பி.எம்மில?"

தெரியாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை பெஞ்சில் வைத்தார்.

கையேட்டின் 830-உம் 680-உம் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 250 தடவை சுற்றும்போது எடுக்கும் அளவுகள், அதுவும் இன்ஜின் சூடாக இருக்கும்போது. வேகம் குறைந்தால் எண்ணும் குறையும். காரணம் சுலபம். ஓட்டை அதேதான், ஆனால் அழுத்தும் நேரம் நீள்கிறது, கசிய அவகாசம் அதிகம். ஓட்டைக் குடத்தில் மெதுவாகத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற மாதிரி.

வேகம் பார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ப்ளக் துளையிலிருந்து வரும் 'புஸ்' சத்தத்தை எண்ணினால் போதும். ஒரு ரோட்டருக்கு, ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புஸ். வீடியோவில் பத்து விநாடிக்கு 32 வந்தது. ஆறால் பெருக்கினால் நிமிஷத்துக்கு 192. அதாவது நான் 250-இல் எடுக்க வேண்டியதை 192-இல் எடுத்திருக்கிறேன். ஏழு மாதம் சும்மா கிடந்த பேட்டரி, பெயின்ட் மேலேயே முறுக்கிய எர்த் வயர், இத்தோடு த்ராட்டிலையும் நான் முழுசாகத் திறக்கவில்லை. உறிஞ்ச வழி இல்லாவிட்டால் அழுத்த என்ன இருக்கும்? ஆர்.எக்ஸ்-8-க்கு ஸ்டார்ட்டர் மோட்டாரே ஒரு பலவீனம்தான். மஸ்டாவே பிற்பாடு வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டராக மாற்றிக் கொடுத்தது.

எர்த்தைச் சுரண்டி, அண்ணையின் வேன் பேட்டரியையும் சேர்த்துக் கட்டி, த்ராட்டிலைத் திறந்து வைத்து மறுபடி சுற்றினோம். பத்து விநாடிக்கு 42 புஸ், அதாவது 252. முன் ரோட்டர் 640, 655, 645. பின் ரோட்டர் 655, 470, 650. ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் நூறு கிலோபாஸ்கல் திரும்பி வந்துவிட்டது.

அப்படியும் 680-க்குக் கீழேதான். ஆனால் இப்போது அந்த எண்களில் ஒரு கோலம் தெரிந்தது.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரோட்டரியில் மூன்று எண்களும் சேர்ந்துதான் பேசும். ஏபெக்ஸ் சீல் என்பது இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள பொதுச்சுவர் மாதிரி. அது கசிந்தால் இரண்டு பக்கத்து அறைகளும் சேர்ந்து விழும். மூன்றில் இரண்டு குறைந்து ஒன்று நன்றாக இருந்தால், சந்தேகம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் மேல். கார்னர் சீலும் மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறது, அது ஒட்டிக்கொண்டாலும் இதே மாதிரி இரண்டு அறைக்கும் அடி. சைடு சீல் அப்படி இல்லை. அது ஓர் அறைக்கு மட்டும் சொந்தமான வெளிச்சுவர். அது கசிந்தால் காற்று பக்கவாட்டில், ரோட்டரின் நடுப்பகுதியை நோக்கிப் போகும், அடுத்த அறைக்குச் சம்பந்தமில்லை. ஆக, ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் முதல் சந்தேகம் சைடு சீல். மூன்றும் ஒரே அளவில் குறைந்தால்? தனி ஒரு சீல் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மெதுவான ஸ்டார்ட்டர், தேய்ந்த ஹவுசிங், அல்லது எதுவுமே இன்னும் படியாத புது இன்ஜின்.

கருவியே இல்லாமல் காதாலும் இதைக் கேட்கலாம். புஸ்-புஸ்-புஸ் என்று சீராக வந்தால் மூன்றும் சமம். புஸ்-புஸ்-ஃப் என்று நொண்டினால் ஒன்று போச்சு. பழைய ரோட்டரி கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சத்தத்தைத்தான்.

என் முன் ரோட்டரில் மூன்றும் சமம். பின் ரோட்டரில் இரண்டு அதே அளவு, ஒன்று மட்டும் கிட்டத்தட்ட 180 குறைவு. கையேடு ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் 150 வரைதான் வித்தியாசத்தை அனுமதிக்கிறது. ஆக என்னிடம் இருந்தவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள், நான் ஒன்றாகப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

ஐந்து அறைகள் கொஞ்சம் குறைவாக இருந்தது இயல்பு. புது ஏபெக்ஸ் சீலின் முனையும் பழைய ஹவுசிங் சுவரும் ஒன்றுக்கொன்று இன்னும் பழகவில்லை. சுவரில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும், சீல் அதற்கேற்பத் தேய்ந்து படிய வேண்டும். அதோடு, ஓடும்போது சீலைச் சுவரோடு அழுத்துவது ஸ்பிரிங் மட்டும் இல்லை. எரியும் வாயுவே சீலின் அடியில் புகுந்து அதைத் தள்ளும். வெறுமனே ஸ்டார்ட்டரில் சுற்றும்போது அந்த உதவி மிகக் குறைவு. குளிர்ந்த இன்ஜின் என்பது இன்னொரு குறை. இதனால்தான், கட்டி முடித்த அன்றைக்கு எடுத்த கம்ப்ரஷன் எண்ணை வைத்து இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் அன்றைக்கே எடுத்து எழுதி வைக்க வேண்டும். பின்னால் ஒப்பிட வேறு ஒன்றும் இருக்காது.

பலர் அடுத்து செய்வது ப்ளக் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுற்றிப் பார்ப்பது. நானும் செய்தேன். ஆறு எண்ணும் ஏறியது, தனியாக விழுந்தது மட்டும் மற்றவற்றுக்குப் பின்னாலேயே நின்றது. என் அபிப்பிராயத்தில் ரோட்டரியில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. எண்ணெய் எல்லா இடுக்கிலும் போய் அடைக்கும், எந்த இடுக்கு என்று சொல்லாது. ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் இன்ஜினைக் கிளப்ப மட்டும் நல்ல உபாயம். பெட்ரோல் அதிகமாகி ஊறிப்போன ஆர்.எக்ஸ்-8-களில் சீல் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு, நல்ல இன்ஜின்கூடச் செத்த மாதிரி நடிக்கும். அங்கே இந்தக் கொஞ்சம் எண்ணெய் உயிர் கொடுக்கும்.

நாலாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. சீல்கள் விழாமல் இருக்கக் கட்டும்போது தடவிய வாசலின் எல்லாம் எரிந்து, தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. எதிர் வீட்டுப் பாட்டி கையில் ஃபோனோடு வெளியே வந்துவிட்டார், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதற்குள் ஓடிப்போய் விளக்கினேன். ஐடிலில் லேசான நொண்டல் இருந்தது. 4000 ஆர்.பி.எம்-க்கு மேலே போனால் நொண்டல் சுத்தமாக மறைந்துவிடும். கசிய நேரம் கிடைக்காததால் வரும் மாயை அது. அந்த மாயையில்தான் நிறையப் பேர் அப்படியே ஓட்டுகிறார்கள். ஓட்டினால் நன்றாகத்தானே போகுது என்று எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை.

பெட்ரோலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து, அதிக வேகம் போகாமல், அதிகம் திணறவும் விடாமல் 500 கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு சூடான இன்ஜினில், அதே பேட்டரி ஏற்பாட்டில் மறுபடி அளந்தேன். முன் ரோட்டர் 720, 725, 715. பின் ரோட்டர் 730, 540, 725. படிய வேண்டிய ஐந்தும் படிந்து 680-ஐத் தாண்டிவிட்டன. ஆறாவதும் கொஞ்சம் ஏறியது, ஆனால் இடைவெளி குறையவில்லை, 180 போய் 190-க்குப் போய்விட்டது. படிவதால் சரியாகிற குறை என்றால் இதற்குள் இடைவெளி சுருங்கியிருக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி என் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். சைடு சீல்கள் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் அதன் பள்ளத்தில் கார்னர் சீலோடு வைத்துப் பார்த்து, நுனியை அரம் வைத்து ராவி, ஃபீலர் கேஜ் போட்டு இடைவெளி அளக்க வேண்டும். மஸ்டா சொல்வது 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர். 0.40 தாண்டினால் அந்த சீல் ஆகாது. இரண்டு ரோட்டருக்குமாகப் பன்னிரண்டு சீல். என் நோட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தேன். பதினொன்றில் எண் இருந்தது. பின் ரோட்டர், பின்புறம், இரண்டாவது கட்டம் காலி.

அந்த ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது, கை விரலெல்லாம் அரத்தூள். கடைசி மூன்று நாலு சீலைக் கண்ணாலேயே பார்த்து ராவி, காலையில் அளக்கலாம் என்று வைத்தேன். காலையில் மற்றவற்றை அளந்தேன். இதை எப்படி விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் அண்ணையிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, சனிக்கிழமை வாறன். எஞ்சின இறக்குவம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இறக்கினோம். ஏபெக்ஸ் சீல் எல்லாம் பளபளவென்று சீராகப் படிந்திருந்தது. ஹவுசிங் சுவரில் கீறல் இல்லை. கார்னர் சீல்களை விரலால் அழுத்தினால் ஸ்பிரிங்கில் ஏறி இறங்கின. அந்த ஒரு சைடு சீலின் நுனிக்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் ஃபீலர் கேஜில் 0.50 தகடு தாராளமாகப் போனது, 0.55 பிடித்தது. அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே பெரிய ஒரு சந்து. அந்த அறையின் காற்றெல்லாம் அது வழியாகத்தான் போயிருக்கிறது.

புது சீல் ஒன்றை 0.08-க்கு ராவினேன். ராவினதும் அளந்தேன், சாப்பிட்டு வந்து ஒரு தடவை அளந்தேன், மூடும் முன் அண்ணையைக் கொண்டு ஒரு தடவை அளக்க வைத்தேன். ரப்பர் சீல்கள் எல்லாம் புதிது. படிந்த ஏபெக்ஸ் சீல்களை அவை இருந்த அதே முனையில், அதே திசையில் திருப்பிப் போட்டேன். இது முக்கியம், இடம் மாறினால் படிந்த படிவு வீண்.

1500 கிலோமீட்டருக்குப் பிறகு எடுத்தது: முன் ரோட்டர் 770, 765, 775. பின் ரோட்டர் 760, 755, 765. 830 இல்லைதான், ஹவுசிங் பழசு. காலண்டர் தாளைக் கிழித்து நோட்டின் அந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். காலிக் கட்டத்தில் 0.08 என்று எழுதியாயிற்று, வேறு நிற மையில்.